ஓவர்கிளாக் செய்த கணினி அணைந்து போகிறதா? எஸ்.எம்.பி.எஸ். கோளாறை அறிகுறியிலிருந்து கண்டறியும் வழிமுறை

ஓவர்கிளாக் செய்த, அதாவது பாகங்களைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டும் கணினியைப் பழுதுக்குக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருகிறார்கள். ‘எஸ்.எம்.பி.எஸ். (கணினியின் பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்’ என்பார் ஒருவர். ‘எஸ்.எம்.பி.எஸ். போன மாதம்தான் வாங்கியது, அதில் கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை’ என்பார் மற்றொருவர். இரண்டு முடிவுகளுமே தவறாகிப் போனதைப் பல முறை பார்த்த பிறகு, பொருளை மாற்றுவதற்கு முன் அறிகுறியைப் பிரித்துப் பார்க்கும் இந்த வரிசையை வழக்கமாக்கிக் கொண்டேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணத்தில் முடித்திருக்கிறேன். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கையிலிருக்கும் சிறிய தொகைக்குள் எதைப் பார்த்து வாங்குவது என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில், இயல்பு அமைப்புகளை ஏற்றி, பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு ஆகிய மூன்றின் ஓவர்கிளாக்கையும் நீக்கவும். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பும் ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதையும் அணைக்க வேண்டும். இயல்பு நிலையிலும் கோளாறு தொடர்ந்தால், ஓவர்கிளாக்கை மறந்துவிட்டுக் கீழே உள்ள அறிகுறிகளைப் பார்க்கலாம். இயல்பு நிலையில் கோளாறு மறைந்துவிட்டால், எஸ்.எம்.பி.எஸ். நல்ல நிலையில் இருக்கிறது என்று அப்போதே முடிவு கட்டிவிடக் கூடாது. ஓவர்கிளாக் அமைப்பு தவறாக இருந்திருக்கலாம்; அல்லது அமைப்பு சரியாக இருந்து, அது கேட்கும் கூடுதல் மின்திறனை எஸ்.எம்.பி.எஸ். தர இயலாமல் போயிருக்கலாம். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதைக் குறைத்து மதிப்பிடுவதே வழக்கமான பிழை. பிராசசரின் மின்செலவு வேகத்தின் அளவிலும் மின்னழுத்தத்தின் இருமடி அளவிலும் ஏறுகிறது. 4.0 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்குவதற்கு மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.35 ஆக உயர்த்தினால், வேகம் 10 விழுக்காடு கூடுவதற்கு மின்செலவு ஏறத்தாழ 39 விழுக்காடு கூடிவிடும்.

அடுத்து, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். மதர்போர்டின் உணரிகளிலிருந்து மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவை நம்பி எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். அது 8 வோல்ட் என்று காட்டிய கணினிகள்கூட நலமாக ஓடிக்கொண்டிருந்தன. பயன்படுத்தாத நான்கு ஊசி மோலெக்ஸ் கனெக்டர் ஒன்றில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையில் அளந்தால் 12 வோல்ட்டும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் அளந்தால் 5 வோல்ட்டும் தெரியும். மீட்டரின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும். கணினி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கான ஏ.டி.எக்ஸ். தரநிலை வழக்கமாக அனுமதிக்கும் எல்லை, கூட்டியும் குறைத்தும் 5 விழுக்காடு. அதாவது 12 வோல்ட்டுக்கு 11.40 முதல் 12.60 வரை, 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. ஆனால் எல்லைக்குள் இருக்கிறதா என்பதைவிட, ஓய்விலிருந்து முழுச் சுமைக்குப் போகும்போது எவ்வளவு சரிகிறது என்பதைத்தான் நான் உற்றுக் கவனிக்கிறேன். ஓய்வில் 12.10, சுமையில் 11.98 என்றால் கவலையில்லை. ஓய்வில் 12.05, சுமையில் 11.45 என்றால் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அந்த எஸ்.எம்.பி.எஸ். திணறுகிறது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட்டுக்குக் குறையாத நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.

அறிகுறி: சுமை ஏறியதும் சட்டென்று அணைகிறது, பொத்தானை அழுத்தினாலும் எழுவதில்லை

பின்புறச் சுவிட்சை அணைத்து, சில நொடிகள் கழித்துப் போட்ட பிறகுதான் கணினி எழுகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காப்பு அமைப்பு தானே அணைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது. இது பழுதின் அடையாளமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தாங்க முடியாத சுமையைக் கண்டு அது தன்னையும் மற்ற பாகங்களையும் காப்பாற்றியிருக்கலாம்.

முதலில் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிளைப் பார்க்கவும். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு கனெக்டர்கள் தொங்க, அவை இரண்டையும் கார்டில் செருகியிருந்தால், அதை மாற்றி இரண்டு தனித்தனிக் கேபிள்களைப் பயன்படுத்தவும். எட்டு ஊசிக் கனெக்டர் ஒன்றுக்கு 150 வாட், ஆறு ஊசிக்கு 75 வாட், மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 75 வாட் என்பது தரநிலைக் கணக்கு. இரண்டு எட்டு ஊசிகளின் சுமையையும் ஒரே கம்பித் தொகுதியில் ஏற்றினால் கம்பி சூடேறும், மின்னழுத்தமும் சரியும். 12 வோல்ட்டைப் பல தடங்களாகப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருந்தால், கேபிளை வேறு தடத்துக்கு மாற்றுவது மட்டுமே பல முறை போதுமானதாக இருந்திருக்கிறது.

அடுத்து காற்றோட்டம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி கீழ்நோக்கி இருக்க, கேபினட் நேராகத் தரையில் அல்லது விரிப்பில் நிற்கிறதா, அடியிலுள்ள தூசுவலை அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். இருபது நிமிடம் ஓடிய பிறகே அணைகிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். அப்போது பிராசசரின் வெப்பநிலையையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் அளவுமீறிச் சூடான பிராசசரும் கணினியை இதேபோல அணைத்துவிடும். விளையாட்டு தொடங்கிய சில நொடிகளிலேயே அணைகிறது என்றால் காரணம் வெப்பமில்லை.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பை ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் 70 விழுக்காடாகக் குறைத்து அதே விளையாட்டை ஓட்டவும். கோளாறு மறைந்துவிட்டால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் திறன் போதவில்லை என்பது ஏறக்குறைய உறுதி. இன்றைய கார்டுகள் சராசரியாகச் செலவிடும் மின்திறனை மில்லி நொடிக் கணக்கில் வெகுவாகத் தாண்டிப் பாய்கின்றன. 320 வாட் என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டுக்கு என்விடியா 750 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பரிந்துரைத்தது வீண் எச்சரிக்கையன்று. மின்வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்திப் பயன்படுத்துவதில் எந்த இழிவும் இல்லை. புதியதை வாங்கப் பணம் சேரும்வரை அதுவே சரியான தீர்வு. விளையாட்டில் வேக இழப்பு பெரும்பாலும் அந்த 20 விழுக்காட்டைவிடக் குறைவாகவே இருக்கும்.

அறிகுறி: அணையாமல் தானாக மறுதொடக்கம் ஆகிறது, அல்லது நீலத்திரை வருகிறது

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியைப் பார்த்ததும், பவர் என்ற சொல்லை வைத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியவர்கள் உண்டு. கணினி முறையாக நிறுத்தப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. அதற்கு அருகில் ‘வீயா லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் 18 அல்லது 19 எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால், சந்தேகம் முதலில் பிராசசரின் ஓவர்கிளாக் மீது விழ வேண்டும்; பிராசசர் மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டியோ வேகத்தை ஒரு படி குறைத்தோ பார்க்கலாம்.

அதன் பிறகு சுமையைப் பிரித்துச் சோதிக்கவும். பிரைம்95 கொண்டு பிராசசரை மட்டும் அரை மணி நேரமும், ஃபர்மார்க் கொண்டு கிராபிக்ஸ் கார்டை மட்டும் கால் மணி நேரமும் ஓட்டி, பின்னர் இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். பிராசசர் சோதனையில் மட்டும் விழுந்தால் ஓவர்கிளாக் அமைப்பு, ராம், மதர்போர்டின் மின்சீராக்கி ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்கவும். கிராபிக்ஸ் சோதனையில் மட்டும் விழுந்தால் கார்டின் ஓவர்கிளாக்கையும் அதன் கேபிளையும் பார்க்கவும். தனித்தனியாக இரண்டும் தாங்கி, சேர்த்து ஓட்டும்போது மட்டும் விழுகிறது என்றால்தான் எஸ்.எம்.பி.எஸ். குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது.

அந்த நிலையில் ஒரே சுமையில் இரண்டு இடங்களில் அளந்து பார்ப்பது நல்லது. மோலெக்ஸில் 11.95 வோல்ட் இருக்க, கிராபிக்ஸ் கார்டின் கனெக்டரில் பின்புறமாக மீட்டர் முனையைச் செருகிப் பார்த்தால் 11.50 தான் வருகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ். சரியாகவே தருகிறது, இடையிலுள்ள கேபிளோ கனெக்டரோ தின்றுவிடுகிறது. இரண்டு இடங்களிலும் ஒன்றாகச் சரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸே காரணம்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுதொடக்கம் தொடர்கிற கணினிகளும் இருக்கின்றன. நேர்மின்னோட்டத்தின் மீது படியும் சிற்றலையை மல்டிமீட்டர் காட்டாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்பதை மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும். அதற்குப் பணம் கொடுப்பதைவிட, நண்பர் ஒருவரின் தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதன் கேபிள்களோடு ஒரு நாள் இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பது எளிது.

ஒரு கல்லூரி மாணவரின் கணினிக்கு இந்தச் சோதனைகளையெல்லாம் அவசரத்தில் தாண்டிவிட்டுப் புதிய எஸ்.எம்.பி.எஸ். மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அதே கோளாறோடு திரும்பி வந்தார். அவர் அறையில் கணினியைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் உள்ளே நியூட்ரல் கம்பி கருகித் தளர்ந்திருந்தது. என் மேசையில் அது எப்படி வெளிப்படும்? அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, கணினியைத் தனியாக ஒரு நல்ல சுவர்ச் சாக்கெட்டில் நேரடியாகச் செருகி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லாமல் நான் எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றுவதில்லை.

அறிகுறி: பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

பின்புறச் சுவிட்ச், பவர் கேபிள், சுவர்ச் சாக்கெட் ஆகியவற்றைப் பார்த்த பிறகு, ஓவர்கிளாக் மாற்றத்துக்கு அடுத்த தொடக்கத்தில்தான் இது நேர்ந்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்கவும். விசிறிகள் சுழன்று திரை மட்டும் வரவில்லையென்றால் பெரும்பாலும் பயாஸ் அமைப்புதான் காரணம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சீமாஸை அழித்தால் போதும்.

விசிறிகூடச் சுழலவில்லையென்றால், எல்லாப் பாகங்களிலிருந்தும் எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களைக் கழற்றி, ஒரு விசிறியை மட்டும் இணைத்து, 24 ஊசிக் கனெக்டரின் பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துச் சுவிட்சைப் போடவும். கம்பிகள் எல்லாம் கறுப்பாக இருந்தால் பச்சைக்குரியது 16-ஆவது ஊசி. விசிறி சுழலாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். செயலிழந்துவிட்டது. சுழன்றால், அது எழுகிறது என்பது மட்டுமே தெரியும். சுமையைத் தாங்கும் என்பதற்கு இது சான்றாகாது. அடுத்து, பாகங்களை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வந்து, எதை இணைத்ததும் எழ மறுக்கிறது என்று பார்த்தால், குறுக்குச்சுற்று உள்ள பாகம் தெரிந்துவிடும்.

அறிகுறி: கரண்ட் போய் யு.பி.எஸ். மாறும் நொடியில் அணைகிறது

600 வி.ஏ. என்று விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவுக்கே தாங்கும். ஓய்வில் பிளக்கைப் பிடுங்கினால் ஓடிக்கொண்டிருந்து, விளையாட்டின்போது பிடுங்கினால் அணைகிறது என்றால், ஓவர்கிளாக் செய்த கணினி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஓய்விலேயே அணைந்தால் முதலில் யு.பி.எஸ்.ஸின் பேட்டரியைச் சந்தேகிக்கவும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்துவிடுவது வழக்கம். பேட்டரி புதியதாக இருந்தும் அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தாங்கு நேரம் போதவில்லை. மின்சாரம் நின்ற பிறகும் முழுச் சுமையில் 17 மில்லி நொடியாவது அது தாங்கி நிற்க வேண்டும் என்பது பழைய ஏ.டி.எக்ஸ். தரநிலை, பெரிய கெபாசிட்டரில் காசை மிச்சம் பிடித்த மலிவு வகைகள் இதில்தான் தோற்கின்றன.

அறிகுறி: கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதைப் பலர் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் எர்த் இணைப்பு இல்லாததுதான் காரணம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கேபினட்டுக்குக் கசிந்து எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். எர்த் இல்லாதபோது அது நம் உடல் வழியாகப் போகிறது. எர்த் சரியாக உள்ள சாக்கெட்டில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையில் 230 வோல்ட்டுக்கு அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட்டும்தான் இருக்கும். இதை அளக்கவும் சரிசெய்யவும் எலக்ட்ரீஷியனையே அழைக்க வேண்டும். மூன்றாவது பின்னை ஒடித்துச் செருகுவதும், தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் கூடவே கூடாது. எர்த் சரியான பிறகும் சுரீர் என்றாலோ, பிளக்கைச் செருகியதும் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழுந்தாலோ, எஸ்.எம்.பி.எஸ்.ஸை அன்றே கழற்றிவிடவும்.

அறிகுறி: கருகிய வாசனை, நிறம் மாறிய கனெக்டர்

இதில் சோதனை எதுவும் வேண்டாம். சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கவும். ‘இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்’ என்ற எண்ணம்தான் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போகிறது. கருகியது கனெக்டர் என்றால், அது முழுமையாகச் செருகப்படாமல் இருந்ததா, மோலெக்ஸிலிருந்து டிஸ்குகளுக்கான சாட்டா கனெக்டருக்கு மாற்றும் மலிவு அடாப்டர் இடையில் இருந்ததா என்று பார்க்கவும். வாசனை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளிருந்து வந்தால் அதைப் பழுது பார்த்துத் திரும்பப் பயன்படுத்த நான் யாருக்கும் சொல்வதில்லை. விசிறியின் கரகரப்பும், சுமையில் எழும் மெல்லிய சுருள் ரீங்காரமும் இந்த வகையில் சேரா. ரீங்காரம் எரிச்சல் தரும், கெடுதல் தராது.

மாற்றத்தான் வேண்டும் என்றால்: குறைந்த தொகையில் எதை வாங்குவது

முதலில் கணக்கு. ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர் இயல்பில் 76 வாட் வரை எடுக்கும். வரம்புகளைத் தளர்த்தி ஓவர்கிளாக் செய்தால் 120 என்று வைத்துக்கொள்வோம். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட், ஓவர்கிளாக்குடன் 190. மதர்போர்டு, ராம், டிஸ்குகள், விசிறிகளுக்கு 60. மொத்தம் 370 வாட். நீடித்த சுமை எஸ்.எம்.பி.எஸ். திறனில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், நொடிப்பொழுதுப் பாய்ச்சலுக்கும் கோடை வெயிலுக்கும் இடம் கிடைக்கும். ஆகவே தரமான 550 வாட் போதும். இதே கணினிக்குப் பெயர் தெரியாத 850 வாட்டை வாங்குவதை நான் தடுப்பேன்.

பெட்டியின் மீதுள்ள பெரிய எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்கவும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எடுப்பது ஏறக்குறைய முழுவதும் அந்தத் தடத்திலிருந்துதான். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் என்றால் 540 வாட். 550 வாட் பெட்டிக்கு அது நேர்மையான எண். கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் ‘450 வாட்’ பெட்டிகள் சிலவற்றில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்தான் இருக்கும். அதாவது 216 வாட். அவற்றில் ஓவர்கிளாக் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்புக் குமிழ் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. விலை எவ்வளவு குறைவானாலும் தவிர்க்கவும்.

80 பிளஸ் சான்று எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதை அளக்கிறதே தவிர, காப்பு அமைப்புகளையும் சிற்றலையையும் அளப்பதில்லை. அதன் வழக்கமான சோதனையும் 23 பாகை செல்சியஸில் நடக்கிறது. மே மாதத்தில் நம் அறைகள் அப்படியா இருக்கின்றன? அந்தச் சான்றின் உயர்படிகளில் ஒன்றான தங்கச் சான்று பெற்ற இரண்டு மாதிரிகளைக் குறித்து எழுந்த புகார்களை அடுத்து, ஜிகாபைட் நிறுவனமே 2021 ஆகஸ்டில் அவற்றின் அதிகச்சுமைக் காப்பின் எல்லையை 120–150 விழுக்காட்டிலிருந்து 110–120 ஆகக் குறைத்ததாக அறிவித்து, மாற்றிக் கொடுக்கவும் முன்வந்தது. ஆகவே அதற்குக் கீழ்ப்படியான வெண்கலச் சான்றே போதும். மிச்சமாகும் பணத்துக்கு நீண்ட வாரண்டியைக் கேளுங்கள். மூன்று ஆண்டு குறைந்தபட்சம், ஐந்து ஆண்டு நன்று. முழுத்திறனும் 40 அல்லது 50 பாகை வெப்பத்திலும் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதிக மின்னோட்டம், அதிக மின்னழுத்தம், குறை மின்னழுத்தம், குறுக்குச்சுற்று, அதிகச்சுமை, அதிவெப்பம் ஆகிய ஆறு காப்புகளும் பட்டியலில் இருக்க வேண்டும்; மலிவு மாதிரிகளில் பெரும்பாலும் விடுபடுவது அதிவெப்பக் காப்பு.

பழைய பொருள் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, பில்லும் மீதமுள்ள வாரண்டியும் இருந்தாலொழிய. கிரிப்டோ மைனிங் கூடங்களில் இரவு பகலாக ஓடியவையும் துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. பழைய எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் தொகை மட்டுமே கையில் இருந்தால், ஓவர்கிளாக்கை நிறுத்தி வைத்து, மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.

கடைசியாக, பொருத்தும்போது செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பழைய கேபிள்களைப் புதியதில் செருகக் கூடாது. கனெக்டர் பொருந்தினாலும் பெட்டிப் பக்கத்து ஊசிகளின் வரிசைக்குப் பொதுத் தரநிலை இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையேகூட அது மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், டிஸ்கும் அதிலுள்ள படங்களும் பாடங்களும் ஒரு நொடியில் போய்விடும். பழைய கேபிள்கள் அனைத்தையும் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்த பிறகே புதிய பெட்டியைப் பிரிக்கவும். பொருத்தியதும் இயல்பு அமைப்பில் ஒரு மணி நேரம் சேர்த்துச் சுமையேற்றி, ஓய்விலும் சுமையிலும் 12 வோல்ட்டை அளந்து, அந்த இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கேபினட்டின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு, அதன் பிறகு ஓவர்கிளாக்கை ஒவ்வொரு படியாக ஏற்றவும்.